நியூயார்க்கில் மூடிப்போன வீகன் உணவகங்கள்: எது எதனால் போனது?

நியூயார்க்கில் ஒரு வீகன் உணவகம் மூடினால் உடனே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். "இலை தழையைத் தின்ன யார் காசு கொடுப்பார்கள், இது நடக்கும் என்று அப்போதே சொன்னோமே" என்பது ஒரு கட்சி. "மக்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை" என்பது எதிர்க்கட்சி. அந்தக் கடை மாத வாடகை எவ்வளவு கட்டியது, ஒயின் விற்றதா, பார்ட்னர் யார் என்று இரண்டு கட்சிக்காரர்களும் கேட்க மாட்டார்கள். கேட்டால் கதையே வேறு.

நான் வீகன் இல்லை. காப்பியில் பாலை விட மனம் வராதவன். தமிழில் இதற்கு 'நனிசைவம்' என்று நல்ல சொல் ஒன்று இருக்கிறது; நம்முடைய சைவத்தில் தாராளமாகப் புழங்கும் பால், தயிர், நெய், தேன் எதுவும் அதில் சேர்த்தியில்லை. பழக்கம் கருதி இங்கே வீகன் என்றே எழுதுகிறேன்.

அலசலுக்கு நான்கு இடங்களை எடுத்துக்கொள்ளலாம். ஈஸ்ட் வில்லேஜில் இருந்த ஏஞ்சலிகா கிச்சன், 1976 முதல் 2017 வரை. இர்விங் பிளேஸில் இருந்த ப்யூர் ஃபுட் அண்ட் வைன், 2004 முதல் 2015 வரை. கிரீனிச் வில்லேஜில் 2015-இல் தொடங்கி ஊர் ஊராகப் பரவி, 2020 டிசம்பரில் திவால் மனு போட்ட பை க்ளோயி. நான்காவது, இலெவன் மேடிசன் பார்க். இது மூடவில்லை. 2021 ஜூன் முதல் முழுக்கத் தாவர உணவு பரிமாறிவிட்டு, 2025 அக்டோபரில் இறைச்சியைத் திரும்பக் கொண்டுவந்தது. மூடியது அதன் வீகன் மெனு மட்டும்தான். வீகனாக இருப்பவருக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்பதால் சேர்த்துக்கொள்கிறேன்.

ஆயுள் கணக்கைப் பாருங்கள்: 41 ஆண்டு, 11 ஆண்டு, 5 ஆண்டு, நாலேகால் ஆண்டு. பணம் அதிகம் புழங்கிய இடத்தில் ஆயுள் குறைந்துகொண்டே போகிறது. நான்கே கடைகளை வைத்து விதி எழுதக் கூடாதுதான். ஆனாலும் கண்ணை உறுத்துகிறது.

முதலில் தட்டில் என்ன இருந்தது என்று பார்த்துவிடலாம். ஏஞ்சலிகாவின் அடையாளம் 'டிராகன் பௌல்'. சோறு, பயறு, டோஃபு, கடற்பாசி, ஆவியில் வெந்த காய்கறி, மேலே ஒரு சாஸ். அவ்வளவுதான். எந்த இறைச்சியைப் போலவும் நடிக்காத சாப்பாடு. பை க்ளோயி இதற்கு நேர் எதிர்: பர்கர், கப்கேக், சீஸுக்குப் பதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் முந்திரியும் அரைத்த மசியலில் மக்ரோனி. கவுண்டரில் வாங்கி, படம் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட ஏற்ற உணவு. ப்யூர் ஃபுட் சமைக்காத பச்சை உணவு பரிமாறிய இடம்; அங்கே அடுப்பே கிடையாது என்று சொல்லிவிடலாம். 118 பாரன்ஹீட், அதாவது சுமார் 48 டிகிரி செல்சியஸுக்கு மேல் எதையும் சூடாக்கக் கூடாது என்பது பச்சை உணவுக்காரர்களின் நியதி. சீமைச் சுரைக்காயைத் தகடாகச் சீவித் தக்காளியோடு அடுக்கிய லசான்யா அங்கே பிரபலம். இலெவன் மேடிசன் பார்க்கில் 2021-இல் ஒருவருக்கு 335 டாலர். பீட்ரூட்டை வாத்து இறைச்சி போல நாள் கணக்கில் பக்குவப்படுத்திப் பரிமாறினார்கள். அந்த பீட்ரூட்டை நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பீட் வெல்ஸ் கிழித்துத் தொங்கவிட்டது தனிக்கதை.

சுவையை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்வதானால், அன்றாடம் சாப்பிடக்கூடியது ஏஞ்சலிகா ஒன்றுதான் என்பேன். மற்ற மூன்றும் ஒவ்வொரு விதத்தில் விசேஷ உணவு. விசேஷ உணவை நம்பிப் பிழைக்கும் கடைக்குப் புதுப்புது ஆட்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். தினச் சாப்பாட்டுக் கடைக்கு அதே ஆட்கள் வந்தால் போதும்.

அப்படியானால் ஏஞ்சலிகா ஏன் மூடியது? வாடகை. நியூயார்க்கில் வீட்டு வாடகைக்குக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியும். கடைகளுக்கு அது இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்த வணிக வாடகைக் கட்டுப்பாடு 1963-இல் முடிந்துபோனது. அதற்குப் பிறகு லீஸ் முடியும்போது கட்டட உரிமையாளர் கேட்பதுதான் வாடகை. ஏஞ்சலிகா முதலில் செயின்ட் மார்க்ஸ் பிளேஸில் இருந்தது; பிறகு ஈஸ்ட் 12-ஆம் தெருவுக்கு இடம் மாறியது. அந்த வட்டாரம் அப்போது கவிஞர்களும் இசைக்காரர்களும் கையில் காசில்லாதவர்களும் தங்கிய இடம். பின்னால் அதே வட்டாரம் விலையேறியது. கடை மாறவில்லை, கடையைச் சுற்றி ஊர் மாறிவிட்டது. உரிமையாளர் லெஸ்லி மெக்ஈக்கர்ன் தாக்குப்பிடிக்கப் பார்த்துவிட்டு 2017 ஏப்ரலில் மூடினார்.

இதில் அவர் பக்கத்துத் தவறும் உண்டு என்பது என் கருத்து. அங்கே கார்டு வாங்க மாட்டார்கள், ரொக்கம் மட்டும். மது விற்பதில்லை, வேண்டுமானால் கையோடு கொண்டுவந்து குடிக்கலாம். இரண்டும் கொள்கை என்ற வகையில் அழகுதான். ஆனால் வாடகை ஏறும்போது எந்த உணவகமும் முதலில் நம்புவது மது வருமானத்தைத்தான். ஒரு பாட்டிலைத் திறந்து ஊற்ற சமையல்காரர் வேண்டாம், காய் நறுக்க ஆள் வேண்டாம். அந்த வருமானம் இல்லாத கடைக்கு, ஏறும் வாடகையை ஈடுகட்ட சாப்பாட்டு விலை ஒன்றுதான் வழி. சோறும் பயறும் விற்கும் கடை எவ்வளவு தூரம் விலையை ஏற்ற முடியும்?

இங்கேதான் இலெவன் மேடிசன் பார்க்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஒன்று பொது மேசையில் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் இடம். இன்னொன்று, உணவகங்களைத் தரம் பிரிக்கும் மிஷெலின் கையேட்டின் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரம் பெற்று, 2017-இல் உலகின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலில் முதலிடம் பிடித்த இடம். ஆனால் அடிபட்ட இடம் கிட்டத்தட்ட ஒன்றே: ஒயின். தாவர உணவுக்கு மாறியபின் ஒயின் விற்பனை குறைந்தது என்பதையும், நிறுவனங்கள் நடத்தும் தனி விருந்துகள் வருவது கடினமானது என்பதையும் தலைமைச் சமையல் கலைஞர் டேனியல் ஹம், இறைச்சி திரும்ப வருகிறது என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தபோது சொன்னார். யோசித்தால் புரியும். விலையுயர்ந்த சிவப்பு ஒயினை மாட்டிறைச்சியோடு குடித்துப் பழகியவர், பீட்ரூட்டுக்கு அதே பாட்டிலைத் திறக்கச் சொல்வாரா? முப்பது பேருக்கு விருந்து வைக்கும் நிறுவனம், அதில் பாதிப் பேர் முகம் சுளிக்கும் இடத்தைப் பிடிக்குமா?

சாப்பாட்டைப் பற்றிய குறையாக இதை யாரும் சொல்ல முடியாது. 2022-இல் மிஷெலின் அதே மூன்று நட்சத்திரத்தை வீகன் மெனுவுக்கும் கொடுத்தது. அப்படிக் கிடைத்த முதல் வீகன் உணவகம் அதுதான். பாராட்டு குறையவில்லை. பாட்டில்தான் குறைந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2021-இல் வீகனாக மாறியதாக உலகமே பேசியபோது, தனி விருந்து அறையில் மட்டும் மாட்டிறைச்சி பரிமாறப்பட்டது. அந்த ஆண்டு முடியும்வரை அது நடந்தது. வெளியே கொள்கை, உள்ளறையில் கறி. காப்பிக்குப் பாலும் கேட்டால் கிடைத்தது (இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவர்கள் மேல் அனுதாபம் உண்டு). 2025-இல் வந்த மாற்றம் திடீர் சறுக்கல் என்று அதனால்தான் என்னால் நம்ப முடியவில்லை. தாவர மெனுவை முழுக்கத் தூக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீகன் ஒருவர் இப்போதும் போய்ச் சாப்பிடலாம், பக்கத்து மேசைக்கு லாவண்டர் மணக்கும் வாத்து வந்தால் பரவாயில்லை என்றால்.

பை க்ளோயிக்கு வாடகையும் ஒயினும் இரண்டாம் பட்சம். அதன் சிக்கல் பெயர்ப்பலகையிலேயே இருந்தது. க்ளோயி காஸ்கரெல்லி 2010-இல் ஒரு தொலைக்காட்சி கப்கேக் போட்டியில் முட்டை, வெண்ணெய் இல்லாத கப்கேக் செய்து வென்றவர். அவர் பெயரையே கடைக்கு வைத்து, ஒரு உணவக நிறுவனம் பார்ட்னராகச் சேர்ந்தது. தெரு முனையில் வரிசை நின்றது. இரண்டே ஆண்டில், 2017-இல், அந்தப் பார்ட்னரோடு வந்த தகராறில் நடுவர் தீர்ப்பு ஒன்றின் பேரில் க்ளோயி வெளியேற்றப்பட்டார். க்ளோயி இல்லாத 'பை க்ளோயி'. அடுத்த ஆண்டே 3.1 கோடி டாலர் முதலீடு வந்தது. பாஸ்டன், லாஸ் ஏஞ்சல்ஸ், லண்டன் என்று கிளை விரிந்தது. வழக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. கொரோனா வந்து அலுவலகங்கள் காலியானதும் மதிய உணவு வியாபாரம் படுத்தது, ஆண்டு முடிவில் திவால் மனு. வாங்கியவர்களால் அந்தப் பெயரை வைத்துக்கொள்ள முடியவில்லை. 2021-இல் 'பீட்னிக்' என்று மாற்றினார்கள். அதுவும் நிலைக்கவில்லை.

இதை வீகன் உணவின் தோல்வி என்று எழுதியவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. இட்லி விற்றிருந்தாலும், மீன் வறுத்து விற்றிருந்தாலும் இந்தப் பங்காளிச் சண்டை கடையைக் கவிழ்த்திருக்கும். 2024-இல் க்ளோயி, தான் முதலில் கடை போட்ட அதே பிளீக்கர் தெரு முகவரியில் மீண்டும் கடை திறந்தார் என்பது, வரிசையில் நின்றவர்களின் பசி உண்மையானதுதான் என்பதற்குச் சாட்சி.

ப்யூர் ஃபுட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது உணவு வணிகத்தைவிடக் குற்றவியல் பாடத்தில் வர வேண்டியது. அழகான தோட்டம், பில் கிளின்டன் முதல் திரை நட்சத்திரங்கள்வரை வாடிக்கையாளர்கள், நடிகர் அலெக் பால்ட்வின் தன் மனைவியை முதன்முதலில் சந்தித்த இடம் என்ற பெயர். 2015-இல் சம்பளம் கிடைக்காத ஊழியர்கள் இரண்டு முறை வேலையை நிறுத்தி வெளிநடப்புச் செய்தார்கள். தலைமறைவாக இருந்த உரிமையாளர் சர்மா மெல்ன்கைலிஸும் கணவரும் 2016 மே மாதம் டென்னசியில் பிடிபட்டபோது, காட்டிக்கொடுத்தது கணவர் பெயரில் வந்த ஒரு டோமினோஸ் பீட்சா ஆர்டர். முதலீட்டாளர்களிடம் 8 லட்சம் டாலருக்கு மேல் ஏமாற்றியதாக வழக்கு. அடுத்த ஆண்டு சர்மா குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிறகு நெட்ஃபிளிக்ஸ் ஆவணத் தொடராகவும் வந்தது. நான்கில் உலகம் பூராவும் தெரிந்த கதை இதுவே என்பதுதான் வருத்தம். வீகன் உணவகம் என்றதும் பலருக்கு அந்த பீட்சாதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஊழியர்கள் பக்கமிருந்து பார்த்தால் வரிசை எளிது. எல்லோருக்கும் சொல்லிவிட்டு, கடைசி நாளைக் குறித்து மூடிய ஏஞ்சலிகா முதலில். வேலை போகாமல் மெனு மட்டும் மாறிய இலெவன் மேடிசன் பார்க் அதற்கு முன்னால் வர வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சமையல்காரருக்கு அதுதான் நல்லது, ஒப்புக்கொள்கிறேன். கொள்கைக்காக அங்கே சேர்ந்த வீகன் சமையல்காரர் மறுநாள் வாத்தை அறுக்க வேண்டியிருந்தால் என்ன நினைப்பார் என்றுதான் யோசிக்கிறேன். பை க்ளோயி மூன்றாவது. ப்யூர் ஃபுட்டுக்கு வரிசையிலேயே இடம் கிடையாது.

தப்பிப் பிழைத்த ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. சுப்பீரியாரிட்டி பர்கர் 2015-இல், பை க்ளோயி தொடங்கிய அதே ஆண்டில், ஈஸ்ட் வில்லேஜில் கையளவு இடத்தில் தொடங்கியது. சைவக் கடை, பெரும்பாலான பண்டங்கள் வீகன். கோடிக்கணக்கில் முதலீடு தேடி ஓடவில்லை. 2021-இல் அந்தச் சின்னக் கடையை மூடிவிட்டு, 2023-இல் அவென்யூ ஏ-யில் ஒடெஸ்ஸா என்ற பழைய டைனர் இருந்த பெரிய இடத்தில் மீண்டும் திறந்தது. மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம், மதுவும் உண்டு. ஏஞ்சலிகாவின் எளிமையையும் இலெவன் மேடிசன் பார்க்கின் பாட்டிலையும் ஒரே மேசையில் வைத்த மாதிரி இருக்கிறது. பெயர்ப்பலகையில் 'வீகன்' என்று எங்கும் கொட்டை எழுத்தில் போடாததையும் கவனிக்க வேண்டும். நன்றாக இருக்கிறது என்று வந்து சாப்பிடுகிறவருக்கு, பாலும் முட்டையும் இல்லாதது பாதி நேரம் தெரிவதே இல்லை.

நான்கில் ஒன்றைத் திரும்பத் திறக்கலாம் என்று யாராவது என்னிடம் சாவியைக் கொடுத்தால் ஏஞ்சலிகாவைத்தான் திறப்பேன், கார்டு வாங்கும் மெஷினோடு. அதுவரை ஆறுதலுக்கு ஒன்று இருக்கிறது: மெக்ஈக்கர்ன் கடை நடந்த காலத்திலேயே அதன் சமையல் குறிப்புகளைப் புத்தகமாகப் போட்டிருக்கிறார். 335 டாலர் பீட்ரூட்டை வீட்டில் செய்ய ஒரு அடுக்களையும் ஒரு வாரமும் போதாது. டிராகன் பௌலுக்கு ஒரு குக்கரும் ஒரு இட்லிப் பாத்திரமும் போதும்.