ஏற்காட்டுல வாங்குன ஜூனிபர் ஆயில்: மூக்குக்கு ஓகே, வாய்க்கு வேணாம்

போன மாசம் அம்மாவக் கூட்டிட்டு ஏற்காடு போயிருந்தோம், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிச்சதுல அம்மாவுக்கு தலை சுத்தல், சரி யூகலிப்டஸ் தைலம் ஒண்ணு வாங்கலாம்னு ஏரிப்பக்கம் ஒரு கடைக்குள்ள போனா, வெளிய வரும்போது கையில 15 மில்லி ஜூனிபர் ஆயில், 380 ரூபா. கடை பேர் சொல்லல, அந்த வரிசைல எல்லா கடையிலயும் இதே பேச்சு தான்.

கடைக்கார அண்ணன் சொன்னது: "நம்ம சேர்வராயன் மலையிலயே விளையறதுங்கம்மா, வெந்நீர்ல மூணு சொட்டு விட்டு குடிங்க, கிட்னி கல்லு கரைஞ்சுரும், கேன்சருக்கே கேக்கும்". அம்மாவுக்கு கிட்னிக்கு எடுக்கிற ரத்த டெஸ்ட்ல கிரியேட்டினின் கொஞ்சம் ஏறி இருக்குங்க, இதக் கேட்டதும் முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க, என்னால வேணாம்னு சொல்ல முடியல.

வீட்டுக்கு வந்ததும் பார்மசி படிச்ச சித்தி பொண்ணுக்கு போன் போட்டேன், முதல்ல நல்லா திட்டு விழுந்துச்சு. ஜூனிபர் நம்ம மலைச் செடியே இல்லையாம், இந்தியால காஷ்மீர், ஹிமாச்சல் மாதிரி இமயமலைப் பக்கம் தான், லடாக்ல அதோட இலைய புத்த மடத்துல சாம்பிராணி மாதிரி புகைப்பாங்களாம். இங்க எஸ்டேட்ல மிளகு ஏத்தி விட்டிருக்கிற மரம் சில்வர் ஓக், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது.

ஆனா சரக்கு சும்மா இல்லங்க. ஆயுர்வேதத்துல ஹபுஷான்னு சொல்றது இந்த ஜூனிபர் செடியோட காய் தான், ஜின்னுக்கு அந்த வாசனையும் இதுல இருந்து தான் (டாஸ்மாக் போற மச்சான் ஒருத்தன் மோந்து பார்த்த உடனே கண்டுபிடிச்சுட்டான்). எண்ணெய்ல முக்கியமா இருக்கிறது ஆல்பா பைனீன்ங்கிற வாசனைப் பொருள், ஐரோப்பிய மருந்து தரக்கணக்குப்படி 20ல இருந்து 50 சதவீதம் இருக்கணும். லேப்ல சில கிருமிங்க வளராம தடுக்குதுன்னு பார்த்திருக்காங்க, லேப் தட்டுல தடுக்கிறதும் மனுச உடம்புக்குள்ள தடுக்கிறதும் ஒண்ணு இல்லையே. அப்புறம் இதே பைனீன் தான் பெயின்ட்ல கலக்குற டர்பென்டைன்லயும் நிறைய இருக்கு, அதனால கலப்படம் பண்றவங்களுக்கு கொண்டாட்டம், மோந்தா பெயின்ட் கடை ஞாபகம் வந்தா உஷாராகிடுங்க.

கிட்னி விஷயத்துக்கு வரேன். ஜூனிபர் காய் சிறுநீர் நல்லா போக வைக்கும், அது பழைய காலத்துல இருந்தே தெரிஞ்சது தான், ஆனா சிறுநீர் போறது வேற கல்லு கரையறது வேற. கிட்னி பிரச்னை இருக்கிறவங்களும் மாசமா இருக்கிறவங்களும் உள்ளுக்கு எடுக்கவே கூடாதுன்னு தான் எச்சரிக்கையே இருக்கு. அதாவது எங்கம்மா மாதிரி ஆளுக்குத் தான் இத வித்திருக்காரு! இதுல சபைனான்னு ஒரு ஜூனிபர் வகை விஷமே, பாட்டில்ல எந்த வகைன்னு தாவரப் பேரும் இல்ல, பேட்ச் நம்பரும் இல்ல.

கேன்சர் கதைலயும் ஒரு நூல் அளவு உண்மை இருக்கு, சில ஜூனிபர் இலைல பொடோபில்லோடாக்சின்னு ஒண்ணு இருக்கு, அத மாத்தி செஞ்சது தான் எட்டோபோசைடுங்கிற கேன்சர் மருந்து. ஆஸ்பத்திரில அளவு பார்த்து ரத்த டெஸ்ட் எடுத்து எடுத்து குடுக்கிற மருந்துங்க அது, வெந்நீர்ல மூணு சொட்டு இல்ல. அதும் இந்த எண்ணெய் காய்ல இருந்து எடுக்கிறது, இலைல இருந்து இல்ல.

தங்கச்சி சொன்னபடி வெள்ளைப் பேப்பர்ல ஒரு சொட்டு விட்டேன், சுத்தமான வாசனை எண்ணெய்னா ஆவியாகி கிட்டத்தட்ட தடமே இல்லாம போயிரணும், மறுநாள் காலைல பார்த்தா பஜ்ஜி வச்ச பேப்பர் மாதிரி மினுங்குது. வேற ஏதோ எண்ணெய் கலந்திருக்கு போல, 380 ரூபாக்கு!

வாசனை மட்டும் குறை சொல்ல முடியாது, பைன் மரம் கொஞ்சம் மிளகு கொஞ்சம் கலந்த மாதிரி இருக்கும், பஞ்சுல நனைச்சு பீரோல வச்சிருக்கோம். அஞ்சுல ரெண்டு ஸ்டார், அதும் அந்த வாசனைக்கு. அதே கடையில வாங்குன காப்பித்தூள் அருமைங்க, சிக்கரி போடாம அரைச்சுக் குடுங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க.