நூலக அறிவியல்: கீழே போய் ரெகுலரா, மலையிலிருந்தே தொலைதூரமா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் டிகிரி முடித்த பிள்ளைகள் நூலகத் தகவல் அறிவியல் படிக்க நினைத்தால் முதலில் இடிக்கிற கேள்வி இதுதான். நான் குன்னூரில் ஒரு பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொண்டே இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலையில் தொலைதூரமாகவே இந்தத் துறையின் இளங்கலையான பி.எல்.ஐ.எஸ்., அப்புறம் முதுகலையான எம்.எல்.ஐ.எஸ். முடித்தவன். எந்தப் பக்கம் சாய்வேன் என்று தெரிந்திருக்கும்.

தொலைதூரத்தில் செலவு குறைவு, சம்பளமும் நிற்காது. கல்லூரி நூலகர் வேலைக்கு முதுகலையில் 55 சதவீதமும் நெட் (தேசிய) அல்லது செட் (மாநில) தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும், யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகரித்த தொலைதூரப் பட்டமென்றால் ரெகுலருக்குச் சமம்தான். சேரும் ஆண்டுக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் கைக்கு ஒரு நூலகம் இருக்கிறதா என்பதுதான் முடிவு செய்யும். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் பகுப்பும், அவற்றின் விவரங்களைப் பதியும் பட்டியலாக்கமும் படித்து வருவதில்லை, செய்து செய்துதான் வரும். ராத்திரி பாடத்தில் டூயி எண் (புத்தகத்தின் பொருளைக் காட்டும் பகுப்பு எண்) கட்டுவதைப் படித்தால் காலையில் அலமாரியில் போட்டுப் பார்த்துவிடுவேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் ஏற்றி கோஹா என்கிற நூலக மென்பொருளை நிறுவினேன், காசே இல்லை. புத்தக விவரங்களைக் கம்ப்யூட்டரில் பதியும் மார்க் வடிவத்தில் 245ஆம் புலத்தில் தலைப்பு, 100இல் ஆசிரியர் என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். ஆனால் தமிழ் ஆசிரியரின் இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, ஒரே ஆளை இரண்டு விதமாகப் பதிந்தால் தேடும்போது பாதிப் புத்தகம் எங்கே போகும் என்பதெல்லாம் நாமே நூற்றுக்கணக்கில் பதியும்போதுதான் உறைக்கும். புத்தகங்கள் கெடாமல் காக்கும் பாதுகாப்புப் பாடமும் அப்படித்தான். ஆடி மாதத்து ஈரத்தில் அட்டையில் பூஞ்சை பூப்பதைத் தினம் துடைக்கிறவனுக்கு, காற்றோட்டம் பற்றிய பத்தியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கையில் நூலகம் இல்லையா, யோசிக்காமல் ரெகுலருக்குப் போங்கள். திருச்சியில் பாரதிதாசன் பல்கலையில் துறை இருக்கிறது. சென்னைப் பல்கலையில் இந்தப் படிப்பு, இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் காலத்திலிருந்தே நடக்கிறது. பெரிய நூலகத்தில் பயிற்சி, சந்தா கட்டிய ஆய்வுத் தரவுத்தளங்கள், சந்தேகம் கேட்கப் பக்கத்திலேயே ஆசிரியர், இதெல்லாம் என் பள்ளியில் என்றைக்கும் வராது. பிஎச்.டி. எண்ணம் இருந்தாலும் ரெகுலர்தான் வசதி என்று தோன்றுகிறது, நான் அந்தப் பக்கம் போனதில்லை.

கம்பெனிகளில் அறிவு மேலாண்மை வேலை, அதாவது அவர்களின் தகவல்களைத் திரட்டி ஒழுங்குபடுத்தும் வேலை வேண்டும் என்பவர்கள் பெங்களூரு டி.ஆர்.டி.சி.யை (ஆவணமாக்க ஆய்வு, பயிற்சி மையம்) பாருங்கள். 1962இல் ரங்கநாதன் தொடங்கியது, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் வருகிறது, இரண்டாண்டு எம்.எஸ்., நுழைவுத்தேர்வு உண்டு. கேள்விப்பட்ட வரையில் நல்ல இடம், அதற்குமேல் நான் சொன்னால் அது அளப்பதாகிவிடும்.

தொலைதூரம்தான் என்று முடிவானால் ஒன்று: செய்முறை வகுப்புக்கு நேரில் போயே ஆக வேண்டும். அது கோவையில் ஐப்பசி, கார்த்திகையில் விழுந்தால் முந்தின நாளே இறங்கிவிடுங்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும், அங்கேயும் அந்நேரம் வண்டி நகராது.