புல்தரை போட அருகம்புல்லா, கொரியன் புல்லா?

நாள் முழுக்க வெயில் விழும் திறந்த இடம் என்றால் யோசிக்கவே வேண்டாம், அருகம்புல்தான். தரைக்கு மேலும் கீழும் தண்டு ஓட்டிப் படர்வதால், பிள்ளைகள் ஓடியாடித் தேய்த்த இடம்கூடச் சீக்கிரம் மூடிக்கொள்ளும். வறட்சியையும் ஓரளவு உப்பு மண்ணையும் தாங்கும். ஆனால் நிழல் விழுந்தால் மெலிந்து சொட்டையாகிவிடும். பூப்பாத்திக்குள் நுழைந்துவிட்டதா, அப்புறம் பிடுங்கிப் பிடுங்கியே கை ஓய்ந்துபோகும்.

கொரியன் புல் அரை நிழலிலும் பச்சை மாறாது; மெத்தைபோல அடர்ந்து களையையும் அடக்கும். சரி, குறை? ஆமை வேக வளர்ச்சி. வெட்டாமல் விட்டால் மேடு மேடாகத் திரளும்.

களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் இரண்டுமே வேர் அழுகும். மட்கிய எரு கலந்து, வடிகாலைச் சரிசெய்துவிட்டு நடுங்கள். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மேல் எடுக்காதீர்கள்.