ஏரி தெரியும் பிளாட்டுக்குக் கூடுதல் விலையா? முதலில் தமிழ்நிலம் வரைபடத்தைத் தட்டிப் பாருங்கள்

‘லேக் வியூ’ அடுக்குமாடி வீடு என்று சதுர அடிக்குக் கூட்டிக் கேட்கிறார்களே, அந்தப் பணம் நம் பெயரில் இல்லாத நிலத்துக்காகக் கொடுப்பது. ஜன்னல் வழியே 20 ஆண்டு தடையின்றி வந்த வெளிச்சத்துக்கு 1882-ம் ஆண்டு ஈஸ்மென்ட் (பிறர் நிலத்தின் மீதான அனுபவ உரிமை) சட்டத்தில் உரிமை உண்டு. காட்சிக்குக் கிடையாது. எதிரே இருப்பது என்ன நிலம் என்று பார்க்க தமிழ்நாடு அரசின் டிஎன்ஜிஐஎஸ் (புவியியல் தகவல்) தளத்திலுள்ள தமிழ்நிலம் ஜியோ இன்ஃபோ வரைபடம் போதும். காசும் கிடையாது.

கட்டடத்தைக் கண்டுபிடித்து, பால்கனி பார்க்கும் திசையில் உள்ள துண்டுகளை ஒவ்வொன்றாகத் தண்ணீர் வரை தட்டுங்கள். கிராமம், சர்வே எண், உட்பிரிவு வரும். நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடும், எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படமும் அங்கேயே திறக்கும். ‘புறம்போக்கு – ஏரி’ என்றிருந்தால் நிம்மதி. நஞ்சை, புஞ்சை என்றிருந்தால் அது தனியார் பட்டா நிலம், நவம்பரில் அங்கே முழங்கால் தண்ணீர் நின்றாலும் சரி. மழைக்காலத்தில் மாடல் பிளாட் பார்க்கப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். மேய்க்கால் புறம்போக்கையும் நம்ப வேண்டாம். வகை மாற்றி அரசே கட்டடம் எழுப்பலாம்.

பட்டா நிலத்தில் எவ்வளவு உயரம் வரும்? ‘ஹை-ரைஸ்’ எனும் உயர்கட்டட வகையில் சேராத கட்டடமே 18.30 மீட்டர் வரை போகலாம். ஸ்டில்ட்டுக்கு (தூண்கள் மட்டும் நிற்கும் கார் நிறுத்தத் தளம்) மேல் 5-வது மாடியில் நிற்பவரின் கண்மட்டம் சுமார் 16.5 மீட்டர். எதிர் மனையில் அப்படியொன்று எழுந்தால் அந்த மாடிக்கும் சுவர்தான் தெரியும்.

குறைகளும் உண்டு. வரைபடக் கோடு செயற்கைக்கோள் படத்தோடு சில மீட்டர் விலகி விழும்; ஏரிக்கரையை ஒட்டிய துண்டுக்குப் புலப்பட அளவையே நம்புங்கள். நகர நில அளவை முடிந்த இடங்களில் பத்திரத்திலுள்ள பழைய சர்வே எண்ணைக் கொடுத்தால் ஒன்றும் வராது. இ-சேவைத் தளத்தில் வார்டு, பிளாக், நகர அளவை எண் கொடுத்துத் தேட வேண்டும். சென்னைப் பெருநகர்ப் பகுதியில் நிலப் பயன்பாட்டைச் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) தளத்தில் தனியாகப் பார்க்க வேண்டும். அங்கே ‘விவசாயம்’ என்றிருந்தாலும் நிலையானதல்ல, மாற்றக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

விலை விஷயத்தில் இந்த வரைபடம் உதவாது. பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பு தெருவுக்கோ சர்வே எண்ணுக்கோ போடுவது. ஏரிப் பக்க பிளாட்டுக்கும் பின்பக்க பிளாட்டுக்கும் அதில் வித்தியாசமில்லை. அதே கட்டடத்தின் மறுவிற்பனைகளை வில்லங்கச் சான்றில் எடுத்து, இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். பத்திர விலை உண்மை விலையைவிடக் குறைவாக இருக்கலாம்; ஆனாலும் இரண்டு பக்கத்துக்கும் உள்ள இடைவெளி ஓரளவு புரியும்.

வாடையையும் வரைபடம் காட்டாது. பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அந்தக் காட்சி எளிதில் மறையாது. ஆனால் பெருங்குடி குப்பைக் கிடங்கும் அதன் ஓரத்தில்தான். மாலையில் ஒரு முறை பால்கனிக் கதவைத் திறந்து நின்று பாருங்கள்.