வான் செற்றியைக் கழற்றிவிட்டுக் கட்டில் அடித்து மூன்று ஆண்டுகள்

கடந்த வாரம் என் வான் வண்டியின் கட்டில் பலகையைப் பிடுங்கி எடுத்தேன். அதே நாளில் கிளிநொச்சி நண்பர் ஒருவர், ஒட்டுப்பலகையும் வாங்கி வைத்துவிட்டு, தன் வானிலும் இப்படி ஒரு கட்டில் அடிக்கலாமா என்று கேட்டார். கோபம் ஆறுவதற்கு முன்னரே பதில் எழுதுகிறேன்.

நான் துணி வியாபாரி. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல், ஓகஸ்டில் மடு மாதா திருவிழா என்று ஆண்டுக்கு ஐம்பது இரவுகளாவது வானில்தான் உறக்கம். விரித்தால் படுக்கையாகும் செற்றி ஒன்று வானோடு வந்தது. விரித்தாலும் நடுவில் இரண்டு அங்குல மேடு நிற்கும். இடுப்பெலும்பு சரியாக அதன்மேல்தான் விழும். மடுக் காட்டில் ஒரு திருவிழாவுக்குத் தங்கிவிட்டு வந்து நான்கு நாள் குனிய முடியாமல் கிடந்தேன். அதன் பிறகுதான் செற்றியைக் கழற்றினேன்.

கட்டிலின் சட்டம் முதிரை. துளையிடாமல் அடித்தால் ஆணிதான் வளையும், மரம் விட்டுக்கொடுக்காது. செற்றி பூட்டியிருந்த பழைய துளைகளிலேயே போல்ட் போட்டு இறுக்கினேன். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கு எத்தனை முறை ஓடியிருப்பேன்! இன்றுவரை ஒரு கிறீச் சத்தம் இல்லை. ஆறடிக்கு மூன்றரை அடி. அடியில் பதினான்கு அங்குல இடைவெளி. சேலைக் கட்டுகள் அத்தனையும் அதற்குள் போய்விடும். இடுப்பு வலி போனது. இதுவரை எல்லாம் நன்மையே.

ஆனால் சட்டத்தின் மேல் முழு ஒட்டுப்பலகையை அடித்தேனே, அதுதான் பெரும் பிழை. முதல் மாரியில் அம்மா வானுக்குள் தலையை நீட்டிவிட்டு, "நனைந்த சாக்கு மணக்கிறது, தம்பி" என்றார். கூரை ஒழுகுகிறதென்று நினைத்து ஒரு நாள் முழுவதும் கூரையைத் தேடினேன். மெத்தையைத் தூக்கிய பிறகுதான் தெரிந்தது: அடிப்பக்கம் முழுவதும் கறுப்புப் பூஞ்சணம்.

நுளம்புக்குப் பயந்து கண்ணாடிகளை அடைத்துக்கொண்டு படுக்கிறோம். மூச்சும் வியர்வையும் ஸ்பொஞ்சுக்குள் இறங்குகின்றன. விடியற்காலையில் பலகை குளிர்ந்திருக்கும். ஈரம் அதில் தண்ணீராகப் படியும். மெத்தையின் அடியில் நான் தைத்த றெக்சின் உறை அதை உலரவும் விடவில்லை. அடுத்த ஆண்டு உறையைக் கழற்றி, பலகையில் நாற்பது துளை போட்டேன். மாரி முடிந்து பார்த்தால், துளை இருந்த இடங்களில் மட்டும் வெள்ளை வட்டங்கள், மற்ற இடமெல்லாம் கறுப்பு. ஒரு மெத்தை அப்படியே குப்பைக்குப் போனது. அதன் விலையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. மூன்றாவது மாரியில் புது மெத்தையிலும் அதே மணம் எழுந்தபோது பொறுமை போய்விட்டது.

இப்போது பலகைக்குப் பதிலாகப் பனஞ்சலாகைகள். மூன்று அங்குல அகலம், இடையில் ஓர் அங்குலம் வெளி. பனஞ்சிராம்பு மெத்தையைக் கிழிக்கும் என்பதால் சீவுளி போட்டு முனைகளை மழுக்கினேன். இரு பக்கக் கண்ணாடிகளையும் நான்கு விரல் திறந்து வலை கட்டியிருக்கிறேன். நேற்று நந்திக்கடல் பக்கமிருந்து ஈரக்காற்று இரவெல்லாம் வீசியது. காலையில் மெத்தையின் அடியைத் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. ஐப்பசி வராமல் இதை வெற்றி என்று சொல்லமாட்டேன்.

வான் ஓடும்போது அந்தக் கட்டிலில் எவரையும் ஏற்றுவதில்லை. செற்றியில் உட்கார்ந்துவந்த அம்மாவுக்கு இப்போது முன்னிருக்கை மட்டுமே. அக்காவும் பிள்ளைகளும் கோயிலுக்கு பஸ்ஸில் வருகிறார்கள். இந்தக் குறைக்கு எந்தச் சலாகையும் மருந்தாகாது.

அதனால் நண்பரே, ஆண்டுக்குப் பத்து இரவுதான் வெளியில் தங்குவீர்கள் என்றால் செற்றியைத் தொடாதீர்கள். மேட்டின்மேல் ஒரு தும்பு மெத்தையைப் போட்டுப் படுங்கள். இல்லை, கட்டில்தான் வேண்டும் என்றால், வாங்கி வைத்திருக்கும் ஒட்டுப்பலகையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். சீவுளி என்னிடம் இருக்கிறது.