டிராக்டரில் பேக்ஹோவா, பழைய ஜேசிபியா, மினி பொக்லைனா: பத்து ஏக்கர் தோப்புக்கு எது தகும்?

பத்துப் பதினைந்து ஏக்கரில் தென்னையும் வாழையும் வைத்திருக்கும் விவசாயிக்கு மண் தோண்டும் வேலை ஆண்டு முழுவதும் துண்டு துண்டாக வந்துகொண்டே இருக்கிறது. புதுக் கன்றுக்குக் குழி எடுக்க வேண்டும். சொட்டுநீர்ப் பாசனத்தின் பிரதான குழாயைப் புதைக்க வேண்டும். மேடு தட்டிப்போன வாய்க்காலைத் தூர்வார வேண்டும். காற்றில் சாய்ந்த மரத்தின் தூரைப் பெயர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஜேசிபிக்காரரைத் தேடிப் பிடித்து, அவர் கைவசமுள்ள பெரிய வேலையை முடித்துவிட்டு வரும்வரை காத்திருந்து சலித்தவர்கள், வீட்டில் நிற்கும் டிராக்டரிலேயே ஒரு பேக்ஹோவை, அதாவது பக்கெட்டால் மண்ணைத் தோண்டி இழுக்கும் கையை, பொருத்திவிட்டால் என்ன என்று கேட்கத் தொடங்குகிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதே பணத்துக்கோ, அதற்கு மேலோ வேறு வழிகளும் இருக்கின்றன: பழைய ஜேசிபி 3டிஎக்ஸ் ஒன்றை வாங்கலாம்; செயினில் நகர்ந்து தோண்டும் மூன்று டன் வகை மினி பொக்லைனை எடுக்கலாம்; எதையும் வாங்காமல் வாடகையிலேயே காலத்தை ஓட்டலாம்.

டிராக்டரில் பேக்ஹோ என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் முற்றிலும் வேறான இரண்டு பொருள்கள் அடங்கியிருக்கின்றன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒன்று, கல்டிவேட்டரை மாட்டுவதுபோல் பின்புற மூன்று இணைப்புகளில் மாட்டிக்கொள்ளும் வகை. மற்றது, முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை நீளும் இரும்புச் சட்டத்தின் மேல் பொருத்தப்பட்ட வகை. முதலாவது விலை குறைவு. பத்து நிமிடத்தில் கழற்றிவிடலாம் என்று விற்பவரும் சொல்வார். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். டிராக்டருக்கு லாரியைப் போலத் தனியாகச் சேஸிஸ் (எல்லாப் பாகங்களையும் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது. எஞ்சின், கிளட்ச் கூடு, கியர்பாக்ஸ், பின் அச்சு ஆகிய வார்ப்பிரும்புப் பகுதிகளை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்ததே அதன் உடல். ஏரை இழுப்பதற்கு அது போதும். சுக்கான் மண்ணில் பக்கெட்டைக் குத்தித் தூக்கும்போது பிறக்கும் விசையோ இழுவிசை அல்ல. அது டிராக்டரை நடுவில் மடக்கப் பார்க்கும் விசை. சட்டம் இருந்தால் அந்த விசை இரண்டு அச்சுகளுக்கும் பரவிப் போய்விடும். சட்டம் இல்லையென்றால் மேல் இணைப்புக் கம்பியின் வழியாக வார்ப்பிரும்புக் கூட்டில் போய் இறங்கும், அங்கே ஒரு விரிசல் விழுந்தால் பேக்ஹோவில் மிச்சம் பிடித்த பணம் முழுவதும் கியர்பாக்ஸுக்குப் போய்விடும்.

ஜேசிபியின் வரலாறும் இதையே சொல்கிறது. 1953-இல் இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு தம்முடைய முதல் பேக்ஹோ லோடரை ஃபோர்ட்சன் மேஜர் டிராக்டரின் மேல்தான் கட்டினார். இன்று தெருவில் போகும் 3டிஎக்ஸ், மண் வேலைக்கென்றே உருவாக்கிய தனிச் சேஸிஸின் மேல் நிற்கிறது. இடைப்பட்ட காலத்தில் டிராக்டர் ஏன் கைவிடப்பட்டது என்பதற்கு அதில் இந்த இரும்புச் சட்டம் இல்லாதது ஒரு காரணம். கிளட்ச் மற்றொரு காரணம்.

முன்பக்கம் மண் அள்ளும் பக்கெட்டான லோடரும் சேர்த்துப் பொருத்தியவர்களுக்கு இந்தக் கிளட்ச் விஷயம் சீக்கிரமே தெரிந்துவிடும். மண்ணை அள்ளி, பின்வாங்கி, திரும்பி, கொட்டி, மறுபடி முன்னேறும் வேலையில் ஓட்டுநர் நிமிடத்துக்கு மூன்று நான்கு முறை கிளட்சை மிதிக்கிறார். உழவில் ஒரு சால் முடியும்வரை மிதிக்க வேண்டிய தேவையே இல்லை. 3டிஎக்ஸில் எஞ்சினின் விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இருப்பதால் முன்னும் பின்னும் மாற்றுவது ஒரு லீவரைத் தட்டும் வேலை, மிதித்து மிதித்துத் தேய்வதற்கு டிராக்டரில் உள்ளதுபோன்ற கிளட்ச் பிளேட் இல்லை. டிராக்டரில் பிளேட்டை மாற்ற வண்டியை நடுவில் பிரிக்க வேண்டும். அதன் மேல் நீளச் சட்டமும் பூட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்ற வேண்டும், கூலி இரட்டிக்கும். ஆகவே டிராக்டரை வைத்திருப்பவருக்கு என் யோசனை, பின்புறம் பேக்ஹோவை மட்டும் வைத்துக்கொண்டு, மண் அள்ளும் வேலையை முடிந்தவரை லோடர் இல்லாமலே பார்த்துக்கொள்வது.

எடைதான் அடுத்த அளவுகோல். குதிரைத்திறனைவிட இதுவே முக்கியம் என்பேன். 24 குதிரைத்திறன் வகைச் சிறு டிராக்டர்கள் ஒரு டன்னுக்கும் குறைவானவை. அமெரிக்காவில் குபோட்டா பிஎக்ஸ்23எஸ் போன்ற சிறு டிராக்டர்கள் லோடரும் பேக்ஹோவும் சேர்த்தே விற்கப்படுகின்றன, ஏறத்தாழ ஆறடி ஆழம் தோண்டுகின்றன. ஆனால் அவை தொடக்கத்திலிருந்தே சட்டத்தோடு வடிவமைக்கப்பட்டவை. வீட்டுத் தோட்டத்து மண்ணுக்கு ஏற்றவை. நம் ஊரில் வரிசை உழவுக்கென்று வாங்கிய சிறு டிராக்டரின் பின்னால் ஒரு கையை மாட்டினால், பக்கெட் காய்ந்த செம்மண்ணைக் கவ்வும்போது மண் பெயர்வதற்குப் பதிலாக டிராக்டரே குழியை நோக்கி நகரும். 45 முதல் 50 குதிரைத்திறன் டிராக்டர் இரண்டு டன் அளவில் இருக்கும், சட்டமும் கையும் ஏறினால் இன்னும் கனக்கும். அது தன்னை ஊன்றிக்கொண்டு எட்டு ஒன்பது அடி வரை தோண்டும். ஏறத்தாழ ஏழரை டன் எடையுள்ள 3டிஎக்ஸ் பதினைந்து அடிக்கு மேல் இறங்கும்.

ஆனால் தோப்புக்குள் அந்த ஏழரை டன்னே குறையாகிவிடுகிறது. தென்னையின் உணவு உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி தண்டிலிருந்து ஏறத்தாழ ஆறடி வட்டத்துக்குள் இருக்கிறது. மழைக்குப் பின் ஈரமான மண்ணில் அவ்வளவு கனத்தை ஏற்றினால் அந்த வட்டம் இறுகிப்போகும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் இடையில் கோகோவும் ஜாதிக்காயும் வைத்திருக்கும் தோப்புகளில் ஜேசிபியின் கையைச் சுழற்றவே இடம் போதாது. குழாய் புதைக்க ஓரடி அகலம் போதுமான இடத்தில் அதன் வழக்கமான பக்கெட் இரண்டடிக்கு மேல் வாரிப் போடும், பிறகு அந்த மண்ணை மூடுவது தனி வேலை.

மினி பொக்லைன் இந்த இடத்தில் மற்ற இரண்டையும் தெளிவாக வென்றுவிடுகிறது. ஏறத்தாழ ஐந்தடி அகலத்தில் அடங்கும் உடல், தரையில் எடையைப் பரப்பும் செயின், எந்தப் பக்கமும் முழு வட்டம் சுழலும் மேல்பாகம் எல்லாம் சேர்ந்து அதைத் தோப்புக்கென்றே செய்ததுபோல் ஆக்கிவிடுகின்றன. பேக்ஹோவோ ஒவ்வொரு குழிக்கும் இரு காலையும் ஊன்றி, தோண்டி, காலைத் தூக்கி, ஓட்டுநர் இருக்கையைத் திருப்பி, நகர்ந்து, மறுபடி ஊன்ற வேண்டும். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு எழுபது கன்று, குழி ஒவ்வொன்றும் மூன்றடி நீள அகல ஆழம் என்று கணக்கிட்டால், டிராக்டர் பேக்ஹோவுக்கு அது ஒரு முழுப் பகல் வேலை. அதில் கணிசமான நேரம் தோண்டுவதில் அல்ல, ஊன்றி எடுப்பதில்தான் போகும். மினி பொக்லைனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் குறை விலையும் சாலையும்: புதிய 50 குதிரைத்திறன் டிராக்டரைப்போல் இரு மடங்குக்கு மேல் விலை வரும், அடுத்த ஊருக்குக் கொண்டுபோக லாரியில்தான் ஏற்ற வேண்டும். கல் நிறைந்த நிலத்தில் ரப்பர் செயின் வேகமாகக் கிழியும்.

சரி, ஒரே டிராக்டர் உழவும் செய்யும், குழியும் தோண்டும் என்ற கவர்ச்சி இருக்கிறதே, அது எந்த அளவுக்கு உண்மை? சட்டத்தோடு பொருத்திய பேக்ஹோவைக் கழற்ற நல்ல சமதளம், செயின் பிளாக், இரண்டு ஆட்கள் வேண்டும். மாட்டும்போது பின்கள் நேருக்கு நேர் வராமல் அரை நாள் போகும். அதனால் பெரும்பாலானவர்கள் ஒருமுறை மாட்டியதைக் கழற்றுவதே இல்லை. ரோட்டவேட்டர் கொட்டகையில் துருப்பிடிக்கும், உழவுக்கு வெளி டிராக்டர் வரும். வாங்கும்போதே இதை ஒப்புக்கொண்டு கணக்குப் போடுவது நல்லது.

கணக்கை இப்படிப் போடலாம். பேக்ஹோவுக்கும் சட்டத்துக்கும் சேர்த்து 6 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து சத வட்டி 60,000, பத்து ஆண்டுத் தேய்மானம் 60,000, ஹோஸ், சீல், பின், எண்ணெய் என்று 20,000. ஆண்டுக்கு 1,40,000 ரூபாய், ஒரு பக்கெட் மண் எடுக்காமலே. வாடகை மணிக்கு 1,200 என்றால், அதில் நம்முடைய டீசலும் ஓட்டுநர் கூலியுமாக 550 போக, மணிக்கு 650 ரூபாய் மிச்சமாகும். வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 215 மணி நேரம் ஓடினால்தான் முதலுக்கு மோசமில்லை. டிராக்டரின் கூடுதல் தேய்மானத்தை இதில் சேர்க்கவே இல்லை. பத்து ஏக்கர்த் தோப்பில் புது நடவு ஆண்டைத் தவிர மற்ற ஆண்டுகளில் இருநூறு மணி நேர வேலை எங்கே இருக்கிறது? ஆறு பேர் சேர்ந்து ஒன்றை வைத்துக்கொண்டால் கதை வேறு.

அக்கம்பக்கத்தில் வாடகைக்கு ஓட்டி ஈடுகட்டலாம் என்பவர்கள், உழவுக்கென்று பதிவு செய்த டிராக்டரை மண் வேலைக்குக் கூலிக்கு ஓட்டினால் பதிவும் காப்பீடும் கேள்விக்குள்ளாகும் என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிய வேண்டும். விபத்து நடந்த பிறகு கேட்பதில் பயனில்லை.

பராமரிப்பில் மூன்றுக்கும் பொதுவானது கிரீஸ். எட்டு முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நிப்பிளிலும், பழைய கிரீஸ் வெளியே பிதுங்கிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். பிதுங்கி வருவதை விரலில் எடுத்து வெயிலில் பார்த்தால் நிலைமை தெரியும். வெறும் கறுப்பு என்றால் வழக்கமான அழுக்கு. அதில் வெள்ளிப் பொடிபோல் மினுங்கினால் பின்னும் புஷ்ஷும் ஒன்றையொன்று தின்னத் தொடங்கிவிட்டன. கை முழுவதும் இடமும் வலமும் திரும்புகிற அடிப்பகுதியின் கிங் பின்தான் முதலில் போகும். பக்கெட்டைத் தரையிலிருந்து ஓரடி தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, பக்கெட்டின் ஓரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தால் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று சத்தமே காட்டிக்கொடுக்கும். பழைய 3டிஎக்ஸ் வாங்கப் போகிறவர்கள் புதுப் பெயின்டைப் பார்ப்பதைவிட இதைப் பார்ப்பது மேல்.

டிராக்டருக்கே உரிய ஒரு தொல்லை எண்ணெய். பல டிராக்டர்களில் கியர்பாக்ஸும் பின் அச்சும் ஹைட்ராலிக்கும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்கின்றன. அதிலிருந்தே பேக்ஹோவுக்கும் எடுத்தால், எண்ணெய் போதாமல் கை மந்தமாக நகரும், எண்ணெய் சூடாகும், கியர் தேய்ந்த பொடி வால்வுக்குள் போய்க் கீறும். பிடிஓவில் (எஞ்சின் சக்தியைக் கருவிகளுக்குத் தரும் பின்புறச் சுழல்தண்டில்) ஓடும் தனி பம்ப், தனித் தொட்டி, தனி ஃபில்டர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது கட்டாயம். ஹோஸில் ஊசித்துளை விழுந்ததாகச் சந்தேகம் வந்தால் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. இருநூறு பார் அளவு அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டு ஒன்றைக் காட்டினால் போதும். வேலை இல்லாத மாதங்களில் சிலிண்டர் ராடுகளை இயன்றவரை உள்ளே இழுத்த நிலையில் நிறுத்தி, வெளியே தெரியும் பகுதிக்குக் கிரீஸ் பூசிவைக்க வேண்டும். பொட்டாஷ் மூட்டை அடுக்கிய கொட்டகையில் நிறுத்தினால் ராடின் குரோமியப் பூச்சு புள்ளி புள்ளியாக அரித்து, அடுத்த பருவத்தில் சீலைக் கிழிக்கும்.

எஞ்சின் பக்கத்தில் டிராக்டருக்கு ஒரு சலுகை உண்டு. 2023 ஜனவரியில் வந்த புதிய மாசு விதி 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கே பொருந்தும். அதற்குக் கீழுள்ளவற்றை ஊர் மெக்கானிக்கே பிரித்துப் பூட்டலாம். மண் வேலை இயந்திரங்களுக்கோ 2021-இலேயே விதி இறுகிவிட்டது. அதன் பிறகு வந்த ஜேசிபிகளில் கோளாறு கண்டறியக் கணினியோடு ஆள் வர வேண்டும். அதனால்தான் அதற்கு முந்தைய வண்டிகளைச் சந்தையில் தேடிப் பிடிக்கிறார்கள். அவற்றுக்கு உதிரிபாகம் எந்த மாவட்டத் தலைநகரிலும் கிடைக்கும். ஆயினும் டிரான்ஸ்மிஷன் ஒருமுறை படுத்துவிட்டால் வரும் செலவு தோப்பின் ஒரு வெட்டுத் தேங்காயை விழுங்கிவிடும். முழுநேரம் வாடகைக்கு ஓட்டுபவருக்கு அது தாங்கும், விவசாயிக்குத் தாங்காது.

பண்ணைக்குட்டை வெட்டுவதற்காக இவற்றில் எதையும் வாங்க வேண்டியதில்லை. முப்பது மீட்டர் சதுரத்தில் இரண்டு மீட்டர் ஆழம் என்றால் 1,800 கன மீட்டர் மண். டிராக்டர் பேக்ஹோ அதில் வாரக்கணக்கில் திணறும். அதற்கு வேளாண்மைப் பொறியியல் துறை இ-வாடகைத் திட்டத்தில் உழவன் செயலி வழியாக வாடகைக்குத் தரும் பெரிய இயந்திரங்களே சரி. என்னைக் கேட்டால், இரண்டாவது டிராக்டராகப் பழைய 50 குதிரைத்திறன் வண்டி ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருந்து, அதை நிரந்தரமாகத் தோண்டும் வேலைக்கே ஒதுக்கிவிடவும், பங்காளிகள் நான்கைந்து பேர் செலவைப் பகிரவும் தயாராக இருந்தால் மட்டும் சட்டத்தோடு கூடிய பேக்ஹோவை வாங்கச் சொல்வேன். ஒரே டிராக்டர் வைத்திருப்பவர் மினி பொக்லைனை நாள் வாடகைக்கு அழைத்து, குழி, குழாய், வாய்க்கால் என்று சேர்த்துவைத்த வேலைகளை ஒரே வருகையில் முடித்துக்கொள்ளட்டும்.