பாவோ பெர்க்லுண்டின்ர கடைசி சிபேலியஸ் செட், கட்டாயம் ஒருக்கா கேளுங்கோ

பின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸின்ர ஏழு சிம்பொனியையும் (ஓர்கெஸ்ட்ரா எண்ட பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதின நீளமான படைப்புகள்) அதே நாட்டுக் கண்டக்டர், அதாவது அந்தக் குழுவை நடத்துறவர், பாவோ பெர்க்லுண்ட் மூண்டு தரம் முழுசா ரெக்கோட் பண்ணியிருக்கிறார். 1970களில இங்கிலாந்தின்ர போர்ன்மத் சிம்பொனி ஓர்கெஸ்ட்ராவோட, 1980களில தன்ர ஊர் ஹெல்சிங்கி பில்ஹார்மோனிக்கோட, பேந்து 1990களில சேம்பர் ஓர்கெஸ்ட்ரா ஒஃப் யூரோப் எண்ட சின்னக் குழுவோட. நான் எழுதுறது இந்தக் கடைசி சிடி செட்டைப் பற்றி, கனடாவில இருக்கிற மச்சான் நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்க கொண்டுவந்து தந்தவர், அண்டையில இருந்து வீட்டில வேற பாட்டுப் பெரிசா ஓடுறேல்லை.

இதின்ர விசேஷமே ஆக்கள் குறைவு எண்டதுதான். பெரிய ஓர்கெஸ்ட்ராக்களில வயலின் எல்லாம் சேந்து மற்ற வாத்தியங்களை மூடிப்போடும், இதில அடியில பசூன் (கீழ் ஸ்தாயிக் குழல் வாத்தியம்) என்ன செய்யுது, நடுவில வயோலா (வயலினை விடக் கொஞ்சம் பெரிசு) எங்க போகுது எண்டு ஒவ்வொண்டும் தனித்தனியா வடிவாக் கேக்குது. மூண்டாவது, ஆறாவது சிம்பொனியள் எல்லாம் இந்த செட்டில கேட்டாப் பிறகு வேற ஆரும் வாசிச்சா எனக்குக் கலங்கின மாதிரிக் கிடக்கு.

பெர்க்லுண்டும் லேசுப்பட்ட ஆளில்லை. 1929இல ஹெல்சிங்கியில பிறந்தவர், சின்னனில பழகினது தாத்தா செய்து குடுத்த வயலினிலதான், 1949இல இருந்து பின்லாந்து றேடியோ ஓர்கெஸ்ட்ராவில வயலின்காரர். இடக்கைப் பழக்கம், வில்லும் இடக்கையிலதான், பிறகு கண்டக்டர் ஆகேக்க கோலும் இடக்கையிலதான். இஞ்ச வயலின் பழகப் போற இடக்கைப் பிள்ளையளை முதல் வகுப்பிலயே வலக்கைக்கு மாத்திப் போடுவினம், ஏனெண்டு கேட்டா வரிசையில இருந்து வாசிக்கேக்க வில்லுகள் முட்டுமாம், அங்க ஒரு முழு ஓர்கெஸ்ட்ராவே இவருக்கு இடம் விட்டிருக்கு. பிள்ளையளைப் பழக்கிற ஆக்கள் இதை ஒருக்கா யோசிக்க வேணும்.

அவரின்ர பிடிவாதம் தெரியவேணும் எண்டா ஏழாவது சிம்பொனியைக் கேளுங்கோ. 1924இல வந்தது, ஒரே மூச்சில இருபது நிமிசத்துக்குக் கொஞ்சம் மேல ஓடும். அச்சடிச்ச ஸ்கோரில (ஸ்வரம் எழுதின புத்தகம்) கனக்கப் பிழை கிடக்கு எண்டு இவர் தேடித்தேடித் திருத்தி, 1980இல திருத்தின பதிப்பே வெளியில வந்தது. ஒரு ஸ்வரம் மாறினா என்ன குடியா முழுகிப் போகும் எண்டு விடுற ஆளில்லை.

நாலாவதுதான் எனக்கு உயிர். 1911இல வந்தது, அதுக்கு மூண்டு வருசம் முதல் சிபேலியஸுக்குத் தொண்டையில கட்டி எண்டு ஒப்பரேசன் நடந்து, சாவுப் பயத்தோட திரிஞ்ச காலம். தொடக்கத்தில செலோவும் டபுள் பேஸும் பசூனும் கீழ் ஸ்தாயியில வாசிக்கிற நாலு ஸ்வரத்தையும், முதல் ஸ்வரத்தைச் ஸட்ஜமா வச்சு எங்கட முறையில பாடிப் பாருங்கோ, ஸ ரி ம க, அந்த மத்திமம் பிரதி மத்திமம், அப்பிடியே கல்யாணி ராகத்தில வாற ஸ்வரங்கள்! ஆனா கல்யாணியின்ர குளிர்ச்சி மருந்துக்கும் இல்லை, கமகம் இல்லாம அந்த ம வும் க வும் வெறுமனே நிண்டு ஆடேக்க நெஞ்சு ஒருமாதிரி அடைக்கும். கர்நாடக சங்கீதம் பழகின ஆக்களுக்கு இது வேற ஒரு கதவைத் திறக்கும், அதுக்காகவே மருதனார்மடத்தில சங்கீதம் படிக்கிற பெடியளுக்கும் பெட்டையளுக்கும் நான் இதைக் கேக்கச் சொல்லுறனான்.

ஐஞ்சாவதின்ர முடிவில ஓர்கெஸ்ட்ரா முழுக்கச் சேந்து போடுற ஆறு அடி, இடையில இடையில வெறும் மௌனம். முதல்தரம் கேக்கிற ஆக்கள் நடுவிலயே முடிஞ்சுது எண்டு நினைச்சுப் போடுவினம். பெர்க்லுண்ட் அந்த மௌனத்தை அவசரப்படுத்தாம விடுறார், அதுக்கே தனியாக் காசு குடுக்கலாம்.

குறை எண்டா ரெண்டாவது சிம்பொனி. அதின்ர கடைசிப் பகுதிக்குக் கொஞ்சம் கனமான சத்தம் வேணும், ஆள் குறைஞ்ச இடத்தில அது காணாது, அதுக்கு மட்டும் நான் 1980களின்ர ஹெல்சிங்கி ரெக்கோடிங்கைத்தான் போடுறனான். மற்றது போன் ஸ்பீக்கரில கேக்க வெளிக்கிடாதேங்கோ, நாலாவதின்ர தொடக்கம் அரைவாசி காணாமப் போயிடும், ஒரு நல்ல ஹெட்செட் வேணும், ஃபானையும் கொஞ்சம் நிப்பாட்டிப் போட்டுக் கேளுங்கோ.

புதுசாத் தொடங்கிற ஆக்கள் ஐஞ்சில தொடங்கி ஏழுக்குப் போங்கோ, நாலைக் கொஞ்சம் பிந்தி எடுங்கோ. குல்லெர்வோ இந்த செட்டில இல்லை, சிபேலியஸ் 1892இல முதல்தரம் வாசிச்சுப் பேந்து தானே ஒதுக்கி வச்ச அந்தப் பெரிய படைப்பை உலகத்திலயே முதல்தரம் ரெக்கோட் பண்ணினது பெர்க்லுண்டும் போர்ன்மத் ஆக்களும்தான். அந்த சிடி யாழ்ப்பாணத்தில ஆரிட்டையும் கிடந்தாச் சொல்லுங்கோ, வந்து இருந்து கேட்டுட்டுப் போறன்.